அடுத்த நாட்டு சர்வரில் நம்ம பையன்கள்

"மாமா, நான் செவுத்துக்குப் பின்னால வந்துட்டேன், பாத்தியளா? ஆனா செத்துட்டேன்."

2021 ஏப்ரல் மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். புளியங்குடியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே மலை, தெருவில் எலுமிச்சை மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ. பக்கத்தில் அக்கா மகன் போனைப் பிடித்தபடி இருந்தான். அப்போது அவன் பிளஸ் ஒன். திரையின் ஓரத்தில் 190 என்று ஒரு எண் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

அவன் ஆடியது பப்ஜி. அந்த விளையாட்டை அரசு தடை செய்து அதற்குள் ஏழு மாசம் ஆகியிருந்தது. "ஏலே, அதைத்தான் தடை பண்ணிட்டாங்களே?" என்று கேட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "இது பப்ஜி இல்ல மாமா. கொரியா பப்ஜி."

அன்றைக்கு சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பிறகு அரசாணை, நிறுவன அறிவிப்பு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வாசித்தபோதுதான் தெரிந்தது, பையன் சொன்னது கிட்டத்தட்ட சரியான பதில் என்று. அந்த பதிலை வைத்துத்தான் இந்தக் குறிப்பு.

இந்த விஷயத்தில் இரண்டு பேச்சு எப்போதும் காதில் விழும். ஒன்று பெற்றோர், ஆசிரியர் பேச்சு: தடை செஞ்சதை திருட்டு வழியில ஆடுறான், அடிமையாயிட்டான். மற்றது ஆடுகிறவர்கள் பேச்சு: இணையத்துக்கு ஏது எல்லை, எங்க சர்வர் கிடைக்குதோ அங்க ஆடுவோம். இரண்டுமே பாதிதான் உண்மை என்பது என் கருத்து. அடுத்த நாட்டுக்கென வைத்த சர்வரில் ஆடுகிறவனைத் திருடன் என்று சொல்ல முடியாது. சுதந்திரமானவன் என்றும் சொல்ல முடியாது. அவன் அழைக்காமல் போன விருந்தாளி. அவனை விரட்டலாம், ஏமாற்றலாம். போய் முறையிட அவனுக்கு இடம் கிடையாது. அவனால் வீட்டுக்காரனுக்கும் சங்கடம் உண்டு. இதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பட்டியலில் இருந்த பெயர்கள்

2020 ஜூன் 15 கல்வான் மோதலுக்குப் பிறகு, ஜூன் 29-ல் 59 செயலிகளுக்குத் தடை வந்தது. செப்டம்பர் 2-ல் இன்னும் 118 செயலிகள் சேர்ந்தன. இரண்டுமே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போட்ட உத்தரவுகள். இரண்டாவது பட்டியலில்தான் பப்ஜி வந்தது. வந்தது 'பப்ஜி மொபைல்' உலகப் பதிப்பும், குறைந்த விலை போன்களுக்கான 'லைட்' பதிப்பும்.

இந்த இரண்டையும் நடத்தியது சீனாவின் டென்சென்ட். விளையாட்டு சொந்தமோ தென் கொரியாவின் பப்ஜி கார்ப்பரேஷனுக்கு (பிறகு கிராஃப்டன்). கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் ஆன மொபைல் பதிப்பை அவர்களே நேராக நடத்தினார்கள். அந்தப் பதிப்பின் பெயர் பட்டியலில் இல்லை. அதே தீவு, அதே துப்பாக்கி, வானத்திலிருந்து குதிக்கும் அதே நூறு பேர். ஆனால் வெளியிடுபவர் வேறு, செயலியின் பெயர் வேறு. டென்சென்ட் 2020 அக்டோபர் 30-ல் இந்தியர்களுக்கான சேவையை முழுசாக நிறுத்தியதும் கூட்டம் கொரியப் பதிப்புக்கு நகர்ந்தது. யூடியூபில் நேரலை ஓட்டுகிறவர்கள் முன்னால் போனார்கள், பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் பின்னால் போனார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடைக்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும், பயனர் தரவு வெளியே போவதும். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பெயர்ப் பட்டியல் போட்டுத் தடுத்ததால் என்ன நடந்தது? ஒரு நாட்டின் பெரிய நிறுவனத்திடம் போய்க்கொண்டிருந்த பையனின் தரவு, இன்னொரு நாட்டு நிறுவனத்துக்கும், இடையில் வழி மாற்றிவிட வந்த ஏதேதோ இலவச வி.பி.என். செயலிகளுக்கும் போனது. இலவச வி.பி.என். ஒன்றைப் போட்டால் உங்கள் போனிலிருந்து போகும் போக்குவரத்து மொத்தமும் முகம் தெரியாத ஒருவர் வாசல் வழியாகப் போகும். அக்கா மகன் போனில் அப்போது மூன்று வி.பி.என். இருந்தன. மூன்றையும் நடத்துவது யார் என்று அவனுக்கும் தெரியாது, அவன் கூட்டாளிகளுக்கும் தெரியாது. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு, கடைசிக் கண்ணியில் இருக்கும் பதினாறு வயசுப் பையனை முன்பைவிட ஆபத்தான சந்து வழியாக அனுப்பிவைத்தது.

200 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி செகண்ட்

இனி அந்த 190. ஆடுகிறவர்கள் இதை பிங் என்பார்கள். நம் போனிலிருந்து ஒரு செய்தி சர்வருக்குப் போய் திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதே அது. பச்சையாக இருந்தால் நல்லது, சிவப்பு என்றால் சிரமம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செகண்டில் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 200 கிலோமீட்டர். புளியங்குடியிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர்; போய் வர ஐந்தரை மில்லி செகண்ட் போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கேபிள்கள் ஓடுகின்றன. 2002-ல் வந்த ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய் வர 32. சிங்கப்பூரிலிருந்து சியோல் நேர்கோட்டிலேயே 4,700 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். போய் வர 47. மொத்தம் 84, 85 என்று வரும். இது ஒளி எங்கேயும் நிற்காமல் ஓடினால் வரும் கணக்கு. நடுவில் ஒவ்வொரு ரூட்டரிலும் நின்று, டவரில் காத்திருந்து, வி.பி.என். வழியாக ஒரு சுற்று சுற்றி வந்தால் 190 ஆவதில் ஆச்சரியம் இல்லை.

190 மில்லி செகண்ட் என்பது ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. கண் ஒன்றைப் பார்த்துக் கை அதற்கு அசைய மனிதனுக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக அடுத்த நாட்டு சர்வரில் ஆடுகிறவன் ஒவ்வொரு சண்டையையும் ஒரு கண்ணிமை பிந்தித்தான் தொடங்குகிறான்.

செவுத்துக்குப் பின்னால் போன பிறகும் அவன் செத்தது இதனால்தான். அவன் போனில் அவன் மறைந்துவிட்டான். ஆனால் "மறைந்துவிட்டேன்" என்ற செய்தி சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. சர்வர் கணக்கில் அவன் இன்னும் வெட்டவெளியில் நிற்கிறான். சர்வர் சொல்வதுதான் தீர்ப்பு. எங்கேயோ நடக்கும் பஞ்சாயத்தில் நாம் போய்ச் சேரும் முன்னால் தீர்ப்பு வந்துவிடுவது போல.

இதை நான் வெறும் தொழில்நுட்பக் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு விளையாட்டை விமர்சிக்கிறோம் என்றால் அதன் கதை, படம், ஒலி பற்றி மட்டும் பேசினால் போதாது. ஒரே பப்ஜி, சியோல் பையனுக்கு வேகத்தின் விளையாட்டு. புளியங்குடிப் பையனுக்கு அது ஊகத்தின் விளையாட்டு. எதிரி அடுத்து எங்கே போவான் என்று ஊகிக்க வேண்டும். நேருக்கு நேர் மோதினால் தோற்பான். அதனால் புல்லில் படுத்துக் கிடப்பான், வீட்டுக்குள் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நம்ம பையன்கள் மூலையில் ஒளிந்தே ஆடுகிறார்கள் என்று மற்ற நாட்டுக்காரர்கள் கேலி செய்வதுண்டு. அவர்களைப் பயந்தவர்கள் என்று சொல்லும் முன்னால் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். தூரம் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது.

தூரத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்

இதுவரை பையன் பக்கம் நின்று எழுதினேன். இப்போது மறுபக்கம்.

தூரத்தில் இருப்பவர்கள் எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்தால் யாரும் ஆட மாட்டார்கள். அதற்காகச் சுடும் விளையாட்டுகளில் ஒரு ஏற்பாடு உண்டு. வால்வ் நிறுவனத்தைச் சேர்ந்த யான் பெர்னியர் 2001-ல் இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவன் சுட்டான் என்ற செய்தி வந்ததும், சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் பார்க்கும். அவன் சுட்ட நேரத்தில் அவன் திரையில் எதிரி எங்கே தெரிந்தான்? அங்கே குண்டு பட்டிருந்தால், பட்டது என்றே வைத்துக்கொள்ளும்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சுடப்பட்டவன் இடத்தில் நின்று பாருங்கள். சியோலில் ஐந்து மில்லி செகண்ட் பிங்கில் ஆடுகிற ஒருவன் செவுத்துக்குப் பின்னால் எப்போதோ போய்விட்டான். புளியங்குடியிலிருந்து சுட்டவன் திரையில் அவன் இன்னும் வெளியே நிற்கிறான். சர்வர் காலத்தைப் பின்னால் நகர்த்துகிறது, கொரியன் சாகிறான். நம்ம பையன் சொன்ன அதே வாக்கியத்தை அவன் கொரிய மொழியில் சொல்லுவான்.

அதாவது விருந்தாளியின் தூரத்துக்கான விலையில் ஒரு பங்கை வீட்டுக்காரனும் கட்டுகிறான். "நாங்க எங்க ஆடினா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பப்ஜி மொபைலில் 'கான்கரர்' என்று ஒரு பட்டம். ஒவ்வொரு சர்வரிலும் முதல் 500 இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும். ஆசியா சர்வரில் கூட்டம் அதிகம், 500-க்குள் வர ராத்திரி பகலாக ஆட வேண்டும். கூட்டம் குறைவான சர்வரில் அவ்வளவு புள்ளி தேவையில்லை. அதனால் தடைக்கு முன்பே நம்மவர்களில் ஒரு கூட்டம் கொரியா–ஜப்பான் சர்வருக்கும் தென் அமெரிக்கா சர்வருக்கும் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தது. அங்கே ஓர் இடத்தை நாம் எடுத்தால் அந்த ஊர்க்காரன் ஒருவன் 501-க்குப் போகிறான்.

அக்கா மகனிடம் கேட்டேன், "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவானுவ மாமா, மைக்ல. ஒண்ணும் புரியாது. நாங்களும் தமிழ்ல நாலு திட்டு திட்டிட்டு போயிருவோம்."

புரியாத மொழியில் வீட்டுக்காரனைத் திட்டிவிட்டு வருகிற விருந்தாளி. கொரியர்கள் இந்திய ஐ.டி.களைக் கண்டதும் லாபியை விட்டு வெளியேறினார்கள் என்று நம்மவர்கள் இனவெறிக் கதை சொல்வார்கள். அதில் கொஞ்சம் இனவெறியும் இருக்கலாம். ஆனால் அந்த மைக்கில் நாம் பேசியதும் கணக்கில் வர வேண்டும்.

கொழும்பு இன்னும் கிட்ட

மேலே தூரக் கணக்கு போட்டபோது ஒன்று கண்ணில் பட்டது. புளியங்குடியிலிருந்து சென்னை 530 கிலோமீட்டர் என்றேன். கொழும்பு நேர்கோட்டில் சுமார் 370 கிலோமீட்டர்தான். மாநிலத் தலைநகரைவிட அடுத்த நாட்டின் பெரிய நகரம் எங்களுக்குக் கிட்ட.

இதை எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் காதால் அறிந்தது அது. நெல்லைச் சீமையில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தது. அடுத்த நாட்டுக்கான அலைவரிசையில் நம்ம ஊர் ஆட்கள் குடியிருந்த பழைய கதை அது. அதன் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பப்ஜி கதையின் எலும்புக்கூடு அப்படியே தெரியும்.

1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய இல்லாமல் போயின. கேட்கிறவர்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பினார்கள். இலங்கையில் இரண்டாம் உலகப் போர் காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக வைத்த சக்திவாய்ந்த ஒலிபரப்பி இருந்தது. போர் முடிந்து அது ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. அதிலிருந்து இந்திக்காரர்களுக்கு இந்திப் பாட்டும் நமக்குத் தமிழ்ப் பாட்டும் வந்தன. கடைசியில் இந்திய அரசே வழிக்கு வந்து, 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியைத் தொடங்கியது.

நம் நாட்டில் தடை. மக்கள் அடுத்த நாட்டுக்கு நகர்தல். அதன் பிறகு 'நமக்கே நமக்கு' என்று ஒரு பதிப்பு. 2020-ல் தடை, கொரியப் பதிப்புக்கு நகர்தல், 2021-ல் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'. அறுபது எழுபது வருஷ இடைவெளியில் அதே மூன்று படி.

இந்த ஒப்புமை எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே அதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்தில் அது பொருந்தவில்லை.

முதலாவது, வானொலியில் இடம் தீராது. புளியங்குடியில் ஆயிரம் பேர் கூடுதலாகக் கேட்டால் யாழ்ப்பாணத்துக்காரர் காதில் சத்தம் குறையாது. சர்வரில் ஓர் ஆட்டத்துக்கு நூறு இடம். நாம் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டும்.

இரண்டாவது, வானொலி அலைக்குக் கேட்கிறவன் யாரென்று தெரியாது. யாரையும் அடையாளம் பார்த்து நிறுத்த அதனால் முடியாது. சர்வர் முதலில் பார்ப்பதே நீ எங்கிருந்து வருகிறாய் என்பதைத்தான்.

ஆனால் வானொலிக்காரர்கள் நம்மை அடையாளம் தெரிந்துகொண்ட ஒரு வழி இருந்தது: கடிதம். எங்கள் பெரியப்பா நேயர் விருப்பத்துக்குத் தபால் எழுதுவார். ஒருமுறை அவர் பெயரையும் 'புளியங்குடி' என்ற ஊர்ப் பெயரையும் அறிவிப்பாளர் வாசித்தாராம். அன்றைக்கு டீக்கடையில் பெரியப்பாவிடம் காசு வாங்கவில்லை என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற கதை. அடுத்த நாட்டு நிலையம் ஒன்று நம் ஊரைக் கண்டுகொண்டது, கண்டுகொண்டு பெயர் சொல்லி வரவேற்றது. சர்வர் நம் ஊரைக் கண்டுகொள்வது வெளியே அனுப்புவதற்காக.

ஜூலை 1

அந்த நாளும் வந்தது. 2021 ஜூன் மாதம் ஓர் அறிவிப்பு: கொரியப் பதிப்பு ஜூலை 1 முதல் கொரியா, ஜப்பான் பயனர்களுக்கு மட்டும். இந்தியப் பதிப்பின் முன்னோட்டம் ஜூன் 17-லேயே திறந்திருந்தது. ஜூலை 2-ல் ஆண்ட்ராய்டில் முறைப்படி வெளிவந்தது. ஒரு கதவை மூடி மறுநாள் இன்னொரு கதவைத் திறந்தார்கள். இதை நான் குறை சொல்லவில்லை. அழைக்காமல் வந்தவர்களைப் போகச் சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கிறது, முன்கூட்டியே சொல்லியும் விட்டார்கள்.

என் கேள்வி வேறு. அந்த எட்டு மாசமும் பையன் என்னவாக இருந்தான்? கணக்கு கொரியாவில், ஆள் இந்தியாவில். ஏதாவது கெட்டது நடந்தால் எந்த நாட்டு விதி அவனுக்குப் பொருந்தும்?

கெட்டது நடக்கவும் செய்தது. விளையாட்டுக்குள் துணிமணி, துப்பாக்கிச் சாயம் வாங்க யூ.சி. என்ற காசு வேண்டும். கொரியக் கணக்குக்கு இங்கிருந்து நேர் வழியில் காசு கட்டுவது சிரமம். டெலிகிராம் குழு ஒன்றில் ஒருவன் 'ஐ.டி. கொடு, பாதி விலைக்கு ஏத்தித் தாரேன்' என்று சொல்லியிருக்கிறான். பையன் கமிஷன் கடையில் லீவு நாளில் எலுமிச்சை தரம் பிரித்துச் சேர்த்த 1,200 ரூபாயை அனுப்பியிருக்கிறான். அனுப்பிய அன்றே அந்தப் பெயர் குழுவில் இல்லை. கணக்கின் கடவுச்சொல்லும் மாறிவிட்டது.

"யார்கிட்ட போய் சொல்ல மாமா? போலீஸ்ல சொன்னா, தடை பண்ணுன விளையாட்டை ஏன்டா ஆடுனன்னு கேப்பாங்க. அம்மாகிட்ட சொன்னா போனைப் பிடுங்கிரும். கொரியாக்காரனுக்கு எழுதினா, நீ எங்க இருக்கன்னு கேப்பான்."

இந்த மூன்று வாக்கியத்தில் விஷயம் முழுக்க இருக்கிறது. 1,200 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் தான் ஏமாற்றப்பட்டதைச் சொல்ல ஒரு பதினாறு வயசுப் பையனுக்கு மூன்று வாசலும் மூடியிருந்தன. மூன்றிலும் முதலில் அவனே குற்றவாளி. அவன் அதை என்னிடம் சொன்னதே ஒரு வருஷம் கழித்து. தடை போடுகிறவர்கள் பட்டியலின் நீளத்தை எண்ணுகிறார்கள். தடையைத் தாண்டிப் போனவன் ஏமாந்தால் எங்கே வருவான் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

சொந்த சர்வர் வந்த பிறகு

இந்தியப் பதிப்பு பல வகையில் நல்லது. ரத்தம் சிவப்புக்குப் பதில் பச்சை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம்தான். உலகப் பதிப்பில் வைத்திருந்த பழைய கணக்கை இங்கே மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். பிங் பச்சையானது. இந்திய அளவில் போட்டிகள் வந்தன, அதில் நம் பையன்கள் தங்கள் சொந்த ஊர்ப் பெயரோடு கலந்துகொள்ள முடிந்தது.

ஆனால் இதுவும் நிலையான வீடாக இல்லை. 2022 ஜூலை 28-ல் கடைகளிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். பத்து மாசம் கழித்து, 2023 மே 29-ல்தான் முறைப்படி திரும்ப வந்தது. நடுவில் மறுபடியும் வி.பி.என்., மறுபடியும் உலகப் பதிப்பு. இன்னொரு விளையாட்டான ஃப்ரீ ஃபயரின் கதி இன்னும் வேடிக்கை. 2022 பிப்ரவரி 14-ல் 54 செயலிகளோடு அது தடைபட்டது. அதே நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தடைபடவில்லை. பட்டியல் பார்ப்பது பெயரை மட்டும்தான் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

நாட்டுக்கென்று தனிப் பதிப்பு வந்ததில் இன்னொரு இழப்பு உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. புளியங்குடி, கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அக்கா மகனின் சித்தப்பா மகன் ரியாத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். 2019-ல், 2020-ல் ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பேரும் ஒரே ஸ்குவாடில் ஆடுவார்கள். அங்கே அப்போது ஏழரை மணி. ஆட்டம் பாதி, பேச்சு பாதி. 'அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கு', 'லாரிய அந்தப் பக்கம் விடாதல, சுட்டுருவான்' எல்லாம் ஒரே மூச்சில் வரும். போனில் என்ன பேசுவது என்று தெரியாத வயசுப் பையன்களுக்குச் சேர்ந்து ஏதாவது செய்வதுதான் பேச்சு.

இந்தியப் பதிப்பு இந்தியாவில் இருப்பவர்களுக்கு மட்டும். ரியாத்தில் இருப்பவனுக்கு உலகப் பதிப்பு. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் அதுவே. ஒரே விளையாட்டின் இரண்டு பதிப்புகளில் இருப்பவர்கள் ஒரே ஆட்டத்தில் சந்திக்க முடியாது. நாட்டு எல்லையை வைத்து சர்வரைப் பிரித்தபோது, அந்த எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாழ்கிற குடும்பங்களை யாரும் நினைக்கவில்லை. ரியாத்துக்காரன் இப்போது வி.பி.என். போட்டு இந்தியா வருகிறான். தன் சொந்த நாட்டு சர்வருக்கு, சொந்தத் தம்பியோடு ஆட, திருட்டு வழியில். இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் தீர்மானம்

பெற்றோருக்கு: பையன் வி.பி.என். போட்டிருந்தால் முதல் கேள்வி 'ஏன் ஆடுற' என்று இருக்க வேண்டாம். 'யாருகூட ஆடுற, யாருக்குக் காசு கொடுத்த' என்று கேளுங்கள். ஏமாந்தால் திட்டு விழாது என்ற உறுதி இருந்தால்தான் அவன் சொல்லுவான். நான் கேட்கத் தவறியதும் அதுதான்.

ஆடுகிறவர்களுக்கு: அடுத்த நாட்டு சர்வரில் நீங்கள் பிந்தி வருவதன் விலையை அந்த நாட்டுக்காரனும் சேர்த்துத்தான் கட்டுகிறான். வேறு வழியில்லாமல் அங்கே ஆடுவது ஒன்று. பட்டத்துக்காக அங்கே போய் அவர்கள் இடத்தை எடுப்பது வேறு. இரண்டாவதற்கு வீரம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

விதி எழுதுகிறவர்களுக்கு: பெயரைத் தடுத்தால் ஆள் நகர்வான். நகர்ந்தவன் முன்பைவிடப் பாதுகாப்பற்ற இடத்தில் நிற்பான். 2025-ல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் காசு வைத்து ஆடுவதையும் மின்விளையாட்டையும் பிரித்துப் பார்க்கிறது. அது நல்ல தொடக்கம். அதே கவனம் இன்னொரு இடத்துக்கும் வர வேண்டும். எந்த சர்வரில் ஆடியிருந்தாலும், இங்கே இருக்கும் ஒரு சிறுவன் இணையத்தில் ஏமாற்றப்பட்டால், 'அங்க ஏன் போன' என்று கேட்காமல் அவன் புகாரை வாங்கிக்கொள்ளும் ஒரு மேசை வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பையன் இப்போது கல்லூரி முடித்துவிட்டான். மொட்டை மாடியில் அதே இடம். திரை ஓரத்தில் 38, பச்சை. செவுத்துக்குப் பின்னால் போனால் இப்போது சாகவில்லை. மணி பத்து அடித்ததும் எண் சட்டென்று 160 ஆகிச் சிவந்தது.

"என்னல ஆச்சு?"

"அண்ணன் வந்துட்டான் மாமா. இன்னைக்கு அவன் நம்ம பக்கம் வர முடியல, வி.பி.என். எடுக்கல. நான் அவன் பக்கம் போறேன்."